வாய்க்காலில் வளர்ந்த நூல்

எங்கள் வீட்டுப் பின்கட்டில் அந்தத் தூக்குவாளி ஆணியில் தொங்குகிறது. அடியில் நசுங்கல். கைப்பிடி ஒரு பக்கம் கழன்று ஆடும். தூக்கி நடந்தால் அடிக்கொரு தரம் கிறீச்சிடும். அக்கா ஊரில் இருந்த கடைசி வருஷங்களில் அதில் மீந்த கஞ்சியை ஊற்றிக்கொண்டு, வாய்க்கால் ஓரமாக மதினி வீட்டு மாட்டுக்குக் கொண்டுபோவாள். அந்தச் சத்தம் கேட்டால் பொழுது விடிந்துவிட்டது என்று பொருள்.

பரமக்குடியில் எங்கள் தெரு முழுக்கத் தறிதான். தறியில் நீளவாக்கில் ஏறும் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டு மீந்ததும், சட்டி கழுவியதும், சோறு வடித்ததும் எல்லாமே பின்னால் ஓடும் வாய்க்காலுக்குப் போகும். வாய்க்கால் வைகைக்குப் போகும். ஆற்றில் தண்ணீர் வராத மாதங்களில் வாய்க்காலில் ஓடுவது நாங்கள் ஊற்றியது மட்டும்தான். அப்போது கற்களில், கருவேல வேர்களில், சாம்பல் கலந்த வெள்ளையாக ஏதோ படியும். நாளாக ஆக நீண்டு, ஓட்டத்தில் ஆட்டுவால் போல ஆடும். அதை நூல் பிசிறு என்றே தெருவில் எல்லோரும் நினைத்தோம். நூலோடு பிறந்து வளர்ந்த கண்களுக்கு வெள்ளையாக நீளமாக எது தெரிந்தாலும் நூல்தான்.

அதுதான் அக்காவுக்கு வினையானது. நூல் கொடுக்கும் முதலாளி ஒருநாள் தறியைப் பார்க்க வந்தவர், கை கழுவப் பின்கட்டுக்குப் போனார். எடை போட்டுக் கொடுத்த நூல் சேலையாகத் திரும்பும்போது குறைகிறது என்று அவருக்கு முன்பே ஒரு சந்தேகம். வாய்க்காலைப் பார்த்துவிட்டு, "எங்க போகுதுன்னு பார்த்தேன். இங்கனதான் கெடக்கா" என்றார். குரலை உயர்த்தவில்லை. அடுத்த பாவு வேறு வீட்டுக்குப் போனது. மூன்றாம் வகுப்போடு தறிக்கு வந்தவள் அக்கா; அவள் கையில் நூல் வீணாகாது என்று தெருவே சொல்லும். அவளுக்கு, நூலை எடுத்துக்கொண்டு பிசிறை வாய்க்காலில் தள்ளுகிறாள் என்று திருட்டுப் பட்டம். எங்களைப் பெற்ற அய்யா அவளைத் திட்டவில்லை, ஆனால் நம்பவும் இல்லை. வெறும் தறியில் உட்கார்ந்து அவள், "நான்தான் கூட்டுறப்போ தள்ளிவிட்டேனோ என்னமோ" என்று என்னிடம் கேட்டாள். அவளுக்கே தன் கை மேல் சந்தேகம் வந்துவிட்டது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். இதைச் சொல்ல எனக்கு இன்றும் கூச்சமில்லை. அந்தப் பிசிறைத் தண்ணீரோடு ஒரு குப்பியில் அடைத்துக் கல்லூரிக்குக் கொண்டுபோனேன். நுண்ணோக்கியில் பார்த்தபோது பஞ்சிழை எதுவும் இல்லை. கண்ணாடிக் குழலுக்குள் மணிமணியாகக் கோத்ததுபோல உயிர்கள். கஞ்சி, சர்க்கரை, கழிவு இவை சேரும் ஓடுநீரில் இந்தப் பாக்டீரியாக்கள் கொழுத்து வளரும் என்றும், பெருகினால் தண்ணீரின் பிராணவாயு குறைந்து மீன்கள் திணறும் என்றும் ஆசிரியை சொன்னார்.

வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். அக்கா வாய்க்காலில் இறங்கி ஒரு பிசிறை விரலில் எடுத்துப் பார்த்தாள்.

"அப்ப நான் ஊத்துன கஞ்சியத் தின்னுபுட்டுத்தான் என்னையவே திருடியாக்குச்சா?"

மறுநாள் கைப்பிடி அளவு அள்ளி வெயிலில் காயவைத்தாள். அதை ஒரு தாளிலும், தறிக்கடியில் கிடந்த நிஜப் பிசிறை இன்னொன்றிலும் மடித்துக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

"ரெண்டையும் கசக்கிப் பாருங்க மொதலாளி. எது உங்க நூலுன்னு நீங்களே சொல்லுங்க."

ஒன்று நூலாகவே நின்றது. மற்றது பொடிந்து, நாற்றத்தோடு விரலில் ஒட்டியது. அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார். மன்னிப்பு ஏதும் கேட்கவில்லை; சாயங்காலம் பாவு வந்தது. திரும்பும் வழியில் அக்கா என் தோளில் இடித்து, "பரவாயில்லடி, ஒம்படிப்பு பூச்சி பார்க்கவாச்சும் ஒதவுது" என்று சிரித்தாள்.

அன்றிலிருந்து அவள் வாய்க்காலில் கஞ்சி ஊற்றவில்லை. "தெருவே ஊத்துது, நீ மட்டும் வாய்க்காலப் பட்டினி போடுறியாக்கும்" என்று மதினி கேலி செய்வாள். மதினி வீட்டு மாடு அதைக் குடித்தது, அக்கா தூக்குவாளியோடு தினமும் நடந்தாள்.

இப்போது நான் ராமநாதபுரத்தில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். வைகை கடலைத் தொடும் இடம் வரை போய்த் தண்ணீர் எடுத்து வருகிறேன். அக்கா கல்யாணமாகி, மாமாவின் தறி வேலைக்காகச் சூரத்தில் இருக்கிறாள். நான் பார்த்ததை எல்லாம் எடுத்துச் சொல்ல இங்கே ஆட்கள் இருக்கிறார்கள். "ஒம்பூச்சி எப்படியிருக்கு" என்று இடித்துக் கேட்க ஆள் இல்லை.

போன வாரம் விடுப்பில் வீட்டுக்குப் போயிருந்தேன். அய்யா மீந்த கஞ்சியைச் சட்டியோடு பின்கட்டில் வைத்திருந்தார். வாய்க்காலில் எங்கள் படிக்கல்லை மூடி வெள்ளை ஆடிக்கொண்டிருந்தது. வாளியை ஆணியிலிருந்து எடுத்து அதில் கஞ்சியை ஊற்றிக்கொண்டு கிளம்பினேன். மதினி வீட்டுக்குப் பாதி வழியில் அக்காவின் போன் வந்தது. தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, வாளி கிறீச்சிட நடந்தேன். மழை உண்டா, அய்யா மாத்திரை போடுகிறாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"ஏண்டி, அது என்ன சத்தம்?"

இன்னும் நாலடி நடந்தேன், அவள் கேட்கட்டும் என்று.