சங்குக்கு அசையாத பிள்ளை

துணி ஆலையின் பின்பக்கம் ஆறு தொட்டில்களும் ஒரு பெரிய பாயும் கிடக்கும் அறைக்கு அவள்தான் ராணி. தொட்டிலக்கா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். தையல் எந்திரத்தில் உட்காரும் பெண்கள் மூன்று மாதப் பிள்ளையை அவளிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். மதியச் சங்கு ஊதியதும் பால் கொடுக்க ஓடி வருவார்கள்.

அவளுக்கு ஒரு பிடிவாதம். எந்தப் பிள்ளை முதன்முதலாகக் குப்புற விழுந்தாலும், தவழ்ந்தாலும், தாயிடம் மூச்சு விடமாட்டாள். "இன்னிக்கு வீட்ல பாயில போட்டுப் பாரும்மா" என்பதோடு சரி. மறுநாள் அந்தப் பெண் வாயெல்லாம் பல்லாக வந்து, "அக்கா, நேத்து குப்புற விழுந்துட்டான்" என்பாள். "அட, அதுக்குள்ளயா?" என்று இவள் கன்னத்தில் கை வைத்துக்கொள்வாள். அப்படியொரு நடிப்பு. இவள் எந்திரத்தில் இருந்த காலத்தில், அப்போதிருந்த ஆயா பாத்திரம் கழுவிக்கொண்டே, "உன் பொண்ணு போன வாரமே நடந்துட்டாளே" என்று சொன்னாள். மகளுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது, அந்த வருத்தம் மட்டும் ஆறவில்லை.

காலர் தைக்கும் பெண்ணின் மகனுக்குத் தொட்டிலக்கா 'சமத்து' என்று பேர் வைத்தாள். சங்கு ஊதினால் மற்ற ஐந்தும் வீல் வீலென்று கத்தும். இவன் அசையாமல் தூங்குவான். கழுத்து நின்றது, புரண்டான், உட்கார்ந்தான், எல்லாம் காலாகாலத்தில். முகம் பார்த்தால் சிரிப்பு. "இவனை மாதிரி ஆறு இருந்தா நான் காலை நீட்டித் தூங்குவேன்" என்று தாயிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள்.

எட்டாம் மாதம் ஒரு நாள், உட்கார்ந்திருந்தவனின் முதுகுக்குப் பின்னால் எவர்சில்வர் மூடி ஒன்று அவள் கைதவறி விழுந்தது. மற்றதுகள் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பின. அவன் மரக்கட்டையைச் சப்பிக்கொண்டிருந்தான். நிழல் படாமல் பின்னால் நின்று கை தட்டினாள், கூப்பிட்டாள். மூன்றாம் மாதம் "ங்கா" சொன்னவன், அவன் வயதுப் பிள்ளைகள் "பாபா, தாதா" என்று ஊரைக் கூட்டும்போது வாயே திறக்காததும் அப்போதுதான் உறைத்தது. காது கேளாததையா இத்தனை மாதம் மெச்சிக்கொண்டிருந்தோம் என்று கூனிக் குறுகிப்போனாள்.

இரண்டு நாள் சொல்லவில்லை. எதையும் தாயே முதலில் பார்க்கட்டும் என்ற பழைய பிடிவாதம் வசதியாகப் போயிற்று. மூன்றாம் நாள் சாயங்காலம் அந்தப் பெண் மகனை வாரி எடுத்து, "இன்னிக்கும் சமத்தா இருந்தானாக்கா?" என்றாள். அதற்கு மேல் தாங்கவில்லை.

"உட்காரும்மா. இவனுக்குக் காது கேக்கலைன்னு நினைக்கிறேன்."

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "நீங்கதானேக்கா சமத்துன்னு சொன்னீங்க. வீட்டுக்கு வர்றவங்ககிட்டல்லாம் அதைத்தானே சொல்லிட்டிருக்கேன்."

"தப்பு என்னோடதுதான். சங்குக்கு முழிக்காதப்பவே சொல்லியிருக்கணும். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவோம். நானும் வர்றேன்."

மறுநாள் அந்தப் பெண் தனியாகத்தான் போனாள். காதுக் கருவி கைக்கு வர இரண்டு மாதம் ஆயிற்று. அதுவரை பிள்ளையைக் கொடுப்பாள், வாங்குவாள். அக்கா என்ற சொல்லே அவள் வாயில் வரவில்லை.

கருவியோடு கொண்டுவந்த அன்றும் தரையைப் பார்த்துத்தான் பேசினாள். "பிய்ச்சுப் போடப் பாக்கிறான். பாத்துக்கோங்க. சில பிள்ளைங்களுக்கு இதுலயும் கேக்காதாம். போகப் போகத்தான் தெரியுமாம்."

அன்று மதியம் அவன் பாயில் உட்கார்ந்து காகிதம் கிழித்துக்கொண்டிருந்தான். தொட்டிலக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சங்கு ஊதியது. அவன் கை நின்றது. உதடு பிதுங்கியது. அப்புறம் வீறிட்டான்.

அள்ளி நெஞ்சோடு அணைத்தாள். இருபது வருடமாகப் பிள்ளைகளின் அழுகையை அமர்த்தியே பிழைத்தவள், இவனை அமர்த்தவில்லை. "அழுதுக்கோ சாமி. உங்கம்மா வந்துரட்டும்" என்றாள்.

தாய் வாசலுக்கு ஓடி வந்தாள். "ஏன் அழறான்? விழுந்துட்டானா?"

"இல்லம்மா. சங்கு ஊதிச்சுல்ல, பயந்துட்டான்."

அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு இரண்டு கையையும் நீட்டி, "கொடுங்கக்கா" என்றாள்.