வெள்ளைக் கோடு விலகிய பக்கம்

ட்ரோன் செய்கிறோம் என்றால் ஊரில் மரியாதை கிடைக்கும். அதில் நம் வேலை நட்டு முறுக்குவது என்றால் அதில் பாதி குறைந்துவிடும். ஒரகடத்தில் விவசாய ட்ரோன் செய்யும் ஒரு தொழிற்சாலையில், மோட்டார்களில் இறக்கை மாட்டும் லைனுக்கு நான் செக்கர். எங்கள் இறக்கை வயலில் கழன்றதாக இதுவரை ஒரு புகார் வந்ததில்லை. இதைப் பெருமையாகவே சொல்கிறேன். சீலிங் ஃபேனை மாட்டிவிட்டு, அதன் கீழே படுக்கத் தயங்கியவர்களுக்கு என் பிழைப்பு புரியும்.

இரண்டுக்கு இரண்டு

ட்ரோனில் நான்கு மோட்டார். இரண்டு வலமாகச் சுற்றும், இரண்டு இடமாக. சுற்றுகிற வேகத்தில் நட்டு கழன்றுவிடாமல் இறுக வேண்டும் அல்லவா? அதனால் மோட்டார் சுற்றும் பக்கத்துக்கு எதிர்ப் பக்கமாகத்தான் நட்டை முறுக்க வேண்டும். ஆக, இரண்டு நட்டுகள் வழக்கமான பக்கம் இறுகும். மற்ற இரண்டும் அதே பக்கம் முறுக்கினால் கையோடு வந்துவிடும்.

பேச்சியம்மாள் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து, சிங்கப்பெருமாள் கோவிலில் அறை எடுத்துத் தங்கி, காண்ட்ராக்டில் சேர்ந்தவர். இதைப் பலருக்கு ஒரு வாரம் விளக்கியிருக்கிறேன். அவர் ஒரே முறை கேட்டார், நான்கையும் சரியாக மாட்டினார், பிறகு சொன்னார்:

“அப்ப இதுல ரெண்டு ஆளுங்கட்சி, ரெண்டு எதிர்க்கட்சின்னு சொல்லுங்க அண்ணாச்சி.”

திருஷ்டிக் கோடு

முறுக்குவதோடு வேலை முடிவதில்லை. மரையில் ஒரு சொட்டுப் பசை விட்டு, ரெஞ்சு ‘டிக்’ என்று சொல்லும்வரை முறுக்கி, ஒரு நாள் காயவிடுவோம். காய்ந்ததும், நட்டில் தொடங்கி இறக்கையின் நடுப்பகுதியில் முடியும்படி வெள்ளைப் பேனாவால் ஒரு கோடும் போடுவோம். நட்டு மயிரிழை நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

ட்ரோன் வாங்க வந்த விவசாயி ஒருவர் அதைப் பார்த்து, “இது இன்னா, திருஷ்டிக்கா?” என்றார். விளக்கினேன். கேட்டுவிட்டுச் சொன்னார்:

“எங்க வூட்டு மோட்டாருக்கும் ஒண்ணு இஸ்துவுடுப்பா. எப்ப கழண்டுக்கும்னே தெர்ல.”

கழன்ற ஒன்று, கழலாத மூன்று

ஒரு நாள் மதியம் ஓர் உழவர் குழு பார்வையிட வருவதாக ஏற்பாடு. அன்று காலையில் வலைக் கூண்டுக்குள் ட்ரோனைச் சோதித்தபோது ஓர் இறக்கை கழன்று பறந்து வலையில் குத்தி நின்றது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

சூப்பர்வைசர் குமரன் ஓடிவந்தார். “யாரு மாட்னது? பேச்சியா? காண்ட்ராக்ட் நீட்டிக்கிற லிஸ்ட்ல அது பேர அடிச்சுடு” என்றார் என்னிடம். லிஸ்ட் என் கையில்தான் இருந்தது. பேச்சியம்மாள் அழவில்லை. ட்ரோனைக் குனிந்து பார்த்துவிட்டு, “இங்கன வாங்க அண்ணாச்சி” என்றார்.

மீதி மூன்று நட்டிலும் கோடு உடைந்திருந்தது. தளர்ந்திருந்தால் கழலும் பக்கம் விலகியிருக்கும். மூன்றும் இறுகும் பக்கமாக விலகியிருந்தன. பசை காய்ந்த பிறகு யாரோ இன்னொரு முறை முறுக்கியிருக்கிறார்கள். காய்ந்த பசை அப்படி உடைந்தால், அப்புறம் அது இருந்தும் இல்லாததுபோல்தான். நான்காவது, மோட்டார் சட்டென்று நிற்கும் வேகத்தில் அப்படித்தான் கழன்றிருக்கிறது. ரெஞ்சுப் பெட்டியின் சாவி என்னிடம் ஒன்று, குமரனிடம் ஒன்று. “நான் தொடலை சார்” என்றேன். அவர் முகம் மாறியது.

“விசிட்டர் வராங்கோன்னு நான்தாம்பா எல்லாத்தையும் ஒரு தபா டைட் பண்ணேன். நல்லதுக்குத்தானப்பா பண்ணேன்!”

குமரனின் கை

இதை ஒத்துக்கொண்டது பெரிய விஷயம். அவரே உழவர் குழுவுக்குப் போன் செய்து வருகையைத் தள்ளிவைத்தார். பேச்சியம்மாள் பழைய பசையைச் சுரண்டி எடுத்து நான்கையும் புதிதாக மாட்டினார். ஒரு நாள் முழுக்க யாரும் கிட்டே போகவில்லை. பிறகு மணிமங்கலம் பக்கம் ஒரு வயலில், டேங்க் நிறைய மருந்தோடு அந்த ட்ரோன் பறந்தது. பார்க்க வந்த உழவர் குழுவிடம் குமரன், “இத மாட்னது இந்தம்மாதான்” என்று கைகாட்டினார். லிஸ்டில் பேச்சியம்மாள் பெயர் அப்படியே ஆபீசுக்குப் போயிற்று. நான் பேனாவைத் திறக்கவே இல்லை.

அடுத்த ட்ரோன் காயும்போது குமரன் அந்தப் பக்கம் இரண்டு முறை நடந்தார். பேச்சியம்மாள் என் காதில் சொன்னார்:

“சாருக்கு ஒரு டீ வாங்கிக் குடுங்க அண்ணாச்சி, அந்தக் கை கிளாஸையாவது புடிச்சிக்கிட்டு இருக்கும்லா.”

இத்தனை வருடத்தில் நான் கண்டது, இறக்கையைப் பிடித்து நிறுத்த ஒரு சொட்டுப் பசை போதும், அக்கறைக்காரர் கையைப் பிடித்து நிறுத்தத்தான் இன்னும் ஒன்றும் சந்தைக்கு வரவில்லை.