பழைய மழையில் நிற்கும் நான்

என் முகத்தை டிவியில் பார்த்து நான் பதறிப்போனது ஒரே ஒரு முறைதான். முதன்முதலில் திரையில் வந்தபோது அல்ல. திரையிலிருந்து என்னை இறக்கிவிட்ட பிறகு.

எங்கள் சேனலில் மைக்கோடு தெருவில் இறங்கிய முதல் பெண் நான். அதுவரை பெண்களுக்குக் கோலப் போட்டியும் சமையலும்தான். வெள்ளம் என்றால் ஆண்கள் போவார்கள். ஒரு மழையில் ஆள் கிடைக்காமல் என்னை அனுப்பினார்கள். "கரையில நின்னு பேசுங்க மேடம், போதும்" என்றார் கேமராமேன். கரையில் நின்று பேசுவதற்கு நான் எதற்கு? சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினேன். அன்றிலிருந்து தாம்பரம் தொடங்கிக் கூடுவாஞ்சேரி வரை எங்கே தண்ணீர் தேங்கினாலும் நான்தான். பீர்க்கன்கரணையில் எங்கள் ஏரிக்கரைத் தெருவில், "அக்கா டிவில சொல்லிட்டாங்களா?" என்று கேட்ட பிறகுதான் சாமான்களைக் கட்டிலுக்கு மேலே ஏற்றுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இல்லையென்றால் பொய்.

தலை நரைத்ததும் வந்தது வினை. "டை அடிச்சுக்கோங்க மேடம், ஸ்கிரீன்ல டல்லா தெரியுது" என்றார் எடிட்டர். அவருக்கு முழு வழுக்கை. அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. சில வருஷம் அடித்தேன். உச்சந்தலை அரித்துப் புண்ணானதும் விட்டுவிட்டேன். உடனே என்னை டெஸ்க்கில் உட்கார வைத்தார்கள். 'சீனியர்' என்று பட்டம் வேறு.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, டெஸ்க்கில் டீயோடு உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஏரி நிரம்பி வழியப்போகிறது, கரையோரத் தெருக்காரர்கள் வெளியேற வேண்டும் என்று தகவல் வந்திருந்தது. எதிர்ச் சுவரில் ஓடிக்கொண்டிருந்த டிவியை நிமிர்ந்து பார்த்தேன். அதில் நான். கருகருவென்ற முடியோடு முழங்கால் தண்ணீரில் நின்று, "கரை பலமாக இருக்கிறது, மக்கள் பயப்படாமல் வீட்டிலேயே இருக்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

டீ புடவையில் கொட்டியதுகூடத் தெரியவில்லை.

எங்கள் தொழிலில் இது வழக்கம்தான். புது மழைக்குப் புதுப் படம் வந்து சேரும்வரை பழைய மழையை ஓட்டுவார்கள். ஓரத்தில் 'கோப்புக் காட்சி' என்று போட வேண்டும், சத்தத்தை அணைக்க வேண்டும். அன்று அவசரத்தில் இரண்டையும் மறந்துவிட்டார்கள். மேலே 'நேரலை' என்று சிவப்பில் மின்னியது. நான் சொன்னது அந்த மழைக்கு உண்மை. இந்த மழைக்கு எமன்.

பக்கத்து வீட்டில் தையல் தைக்கும் பெண்ணுக்குப் போன் அடித்தேன். அவர்களுக்குத் தரைத்தளம். கணவர் பக்கவாதத்தில் படுத்த படுக்கை. வீட்டுக்குள் தண்ணீர் ஏறிவிட்டால் அவரைத் தூக்கிக்கொண்டு வெளியே வர வழியே கிடையாது.

"உடனே அவரத் தூக்கிட்டுக் கிளம்பும்மா, ஏரி வழியப்போவுது."

"இன்னாக்கா பேஜார் பண்றீங்க? வந்த ஆட்டோவ இப்பதான் வேணாம்னு திருப்பி அனுப்பினேன். வூட்லயே இருங்கன்னு நீங்கதான டிவில சொல்லிகினு கீறீங்க?"

"அது பழசும்மா."

"லைவ்னு போட்டுக்கீதே."

"நான் ஆபீஸ்ல உட்கார்ந்து உன்கிட்ட பேசறேன்டி. தண்ணியில எப்படி நிப்பேன்? டிவில என் தலையப் பாரு, கறுப்பா இருக்கு."

"டிவிக்குன்னா மை அடிச்சிக்குவீங்கதான?" என்று சிரித்தாள். "இவரத் தூக்கினா வலியில துடிச்சிப் பூடுவாருக்கா. நீங்க டிவில சொன்னது என்னிக்குத் தப்பாச்சு?"

லைன் கட்டாகிவிட்டது. திரும்ப அடித்தால் போகவில்லை.

தினமும் மொட்டை மாடியில் என் நரைத்த தலையைப் பார்க்கிறவள் அவள். நான் வாய்விட்டுச் சொல்வதை நம்பாமல், என் பழைய முகத்தை நம்புகிறாள்.

கன்ட்ரோல் ரூமுக்கு ஓடினேன். "நிறுத்துப்பா அதை" என்றதும் நிறுத்தினார்கள். நிறுத்தினால் ஆயிற்றா? கேட்டவர்கள் கேட்டாயிற்றே. "நான் பேசணும், இப்பவே" என்றேன். எடிட்டர் என் தலையையும் டீ கொட்டிய புடவையையும் பார்த்து, "ஒரு டச்சப் பண்ணிட்டு..." என்று இழுத்தார். "அங்க ஒரு மனுஷன் எழுந்திருக்க முடியாமப் படுத்திருக்கார் சார்" என்று கத்தினேன். செய்தி வாசித்துக்கொண்டிருந்த பெண் தானாகவே எழுந்து நாற்காலியைக் கொடுத்தாள்.

"சற்று முன் நீங்கள் பார்த்தது பழைய காட்சி. தவறு எங்களுடையது. இன்றைக்கு நான் இப்படித்தான் இருக்கிறேன். பீர்க்கன்கரணை ஏரிக்கரைத் தெருவில் இருப்பவர்கள் உடனே கிளம்புங்கள்." அதோடு முடித்திருக்க வேண்டும். முடியவில்லை. "தையல் மெஷின விட்டுடும்மா, அவரத் தூக்கு" என்றும் சொல்லிவிட்டேன். ஊரே கேட்டது.

சாயங்காலம் தெருக்காரர்களைத் தங்கவைத்திருந்த பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வகுப்பறையில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு அவரைப் படுக்க வைத்திருந்தார்கள். உயிரோடு இருந்தார். தெருப் பையன்கள் கட்டிலோடு தூக்கி வந்தார்களாம். கடைசியில் வந்தவனுக்குத் தண்ணீர் இடுப்பளவாம். அவள் என் கையைப் பிடித்தாள். "அந்த நரச்ச தலையோட உங்கள டிவில பாத்ததும் ஈரக்கொலையே நடுங்கிப்போச்சுக்கா. அப்பதான் நம்பினேன்."

அந்த நேரம் பார்த்து எடிட்டர் போனில் வந்தார். குரலில் ஏகப்பட்ட குஷி.

"மேடம், நீங்க பேசினது எல்லார் போன்லயும் சுத்துது. லைப்ரரில பத்திரமா எடுத்து வைக்கச் சொல்லிட்டேன். அடுத்த மழைக்கு ஓட்டிக்கலாம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. போனை வைத்தேன். நான் சொன்னால் ஊர் நம்ப வேண்டும் என்று பாதி ஆயுளைத் தண்ணீரில் நின்று கழித்தவள் நான். அவள் பக்கம் திரும்பிச் சொன்னேன்:

"இனிமே டிவில நான் என்ன சொன்னாலும் நம்பாத. வந்து என் கதவத் தட்டிக் கேளு."