சுண்ணாம்புத் தொட்டியும் ராஜா வேஷமும்

வேலூரில் பெண்கள் மட்டும் படிக்கும் மருத்துவப் பள்ளியில் நான் சேர்ந்தபோது, என்னைவிட உயரமான பெண் அங்கே ஒருத்தியும் இல்லை. குரலும் எனக்குக் கொஞ்சம் கட்டை. அதனால் நாடகக் குழுவுக்கு ஆள் எடுத்த அன்று யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ராஜா வேஷம் எனக்கு என்று முடிவாகிவிட்டது. ஆண் வேஷம் கட்டவும் பெண்கள்தானே இருந்தோம்.

நாடகத்தை எங்களுக்கு மேல் வகுப்பில் படித்த ஒருத்தி எழுதியிருந்தாள். போருக்குப் போய்க் கண்ணை இழந்து திரும்பும் ராஜா, அவனைக் கைப்பிடித்து நடத்தும் ராணி. கதை அவ்வளவுதான். ராணியாக நடித்தவள் என் அறைத்தோழி. கலவை ஊர்ப் பக்கத்துக்காரி, நிலபுலன் உள்ள கிறிஸ்தவக் குடும்பம். எதையும் சிரித்துக்கொண்டே செய்து முடித்துவிடுவாள். ஒத்திகையில் நான் வசனத்தை மறந்து நின்றால், கண் தெரியாத ராஜாவின் காதருகே குனிந்து, ஆறுதல் சொல்வதுபோல என் வசனத்தையே மெதுவாகச் சொல்லிக் கொடுப்பாள்.

ராஜாவுக்குத் தாடி வேண்டியிருந்தது. கரி பூசிப் பார்த்தோம். ஆஸ்பத்திரிப் பஞ்சை மசியில் தோய்த்து ஒட்டினோம். இரண்டும் சரிப்படவில்லை. ஊருக்குப் போனபோது அப்பாவிடம் சொன்னேன். அவர் ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் வேலை செய்தார். தோல் பதனிடும் இடத்தை நாங்கள் ஷாப்பு என்றுதான் சொல்வோம். சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி ஊறிய தோல்களைப் புரட்டிப் போடுவதும், பிறகு அவற்றின் மயிரை வழிப்பதும் அவர் வேலை. நல்ல கறுப்பு ஆட்டுமயிராகப் பொறுக்கி, அலசிக் காயவைத்து, துணியில் முடிந்து கொடுத்தனுப்பினார்.

தோழி அந்த முடிச்சை அவிழ்த்து முகர்ந்து பார்த்தாள். சீயக்காய் போட்டு இரண்டு தரம் கசக்கினாள். "உங்கப்பா கையால வந்த தாடி, ராஜாவுக்கு ஜம்முனு இருக்கும்," என்றாள். அப்பா என்ன வேலை செய்கிறார் என்று அவளிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். மற்றவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

முதல் நாடகத்துக்கு மாணவிகளின் வீட்டாரைக் கூப்பிட்டிருந்தார்கள். தோழியின் அண்ணன் வந்திருந்தார். ஆற்காட்டில் பள்ளிக்கூட வாத்தியார். மறுவாரம் அவர் தங்கையைப் பார்க்க வந்தபோது, தோழி விடுதி வரவேற்பறைக்கு என்னையும் கூப்பிட்டனுப்பினாள்.

"அன்னிக்கு ராஜா நடந்தாரே, அது நீங்கதான்னு நம்ப முடியல," என்றார்.

"கண்ணைக் கட்டிட்டா யார் வேணா அப்படித்தான் நடப்பாங்க," என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். மூலையில் பின்னல் வேலையோடு உட்கார்ந்திருந்த விடுதி அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

அதன் பிறகு சனிக்கிழமைகளில் வருவார். மூன்று பேருமாகப் பேசிக்கொண்டிருப்போம். ஒரு தடவை அனுமதி வாங்கிக் கோட்டை அகழிப் பக்கம் நடந்தோம். தோழி வேண்டுமென்றே பின்தங்கி வந்தாள். நான் மறுத்துப் பேசினால் அவருக்குக் கோபம் வராது, இன்னும் பேசச் சொல்வார். அப்படி ஒரு ஆண்பிள்ளையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சனிக்கிழமை எப்போது வரும் என்று காத்திருக்கத் தொடங்கினேன்.

ஒருநாள் தோழி என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா உன்னைப் பாக்க வர்றாங்க. அண்ணன் சொல்லிடுச்சு, கட்டினா உன்னைத்தான்னு."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணு மட்டும் கேளு. உங்கப்பாவுக்குத் தோல் வியாபாரம்னு அம்மாகிட்ட சொல்லி வெச்சிருக்கேன். நீ ஒண்ணும் சொல்ல வேணாம். சும்மா இருந்தா போதும்."

"அது பொய்யில்லையா?"

"தோல் வியாபாரம் நடக்குற எடத்துலதானே வேலை செய்றாரு?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "மேடையில ராஜான்னு சொல்லிக்கிட்டு நிக்கிறியே, அது மட்டும் இன்னாவாம்?"

"அது வேஷம்னு பாக்கறவங்களுக்குத் தெரியும்," என்றேன்.

சுண்ணாம்புத் தொட்டியில் இறங்குகிறவர்கள் எந்தச் சாதி என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அவள் வீட்டார் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்து இரண்டு தலைமுறை ஆகியிருந்தது. ஆனாலும் சாதியை விட்டு வரவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும், சும்மா இருந்துவிடலாம் என்றுதான் வரவேற்பறைக்குப் போனேன்.

அண்ணனோடு வந்திருந்த அவள் அம்மா அன்பாகப் பேசினார். என் படிப்பைக் கேட்டார். உயரம் ஜாஸ்திதான், ஆனால் அதுவும் ஒரு லட்சணம் என்றார். காபி வந்தது. டம்ளரைக் கையில் எடுத்தபடி, "அப்பாவுக்கு எத்தனை ஷாப்பும்மா?" என்று கேட்டார்.

தோழி அவசரமாக ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சுண்ணாம்பில் ஊறி வெடித்த அப்பாவின் கைகள் என் நினைவுக்கு வந்தன.

"ஷாப்பு அவருதில்லீங்கம்மா. சுண்ணாம்புத் தொட்டியில வேலை செய்றாரு," என்றேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. "அப்படியா," என்றார். பிறகு மகனிடம் ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டார். காபியை அவர் குடிக்கவே இல்லை.

அம்மாவை வண்டியில் ஏற்றிவிட்டு அண்ணன் மட்டும் திரும்பி வந்தார்.

"எனக்கு முன்னமே தெரியும். தங்கச்சி சொல்லிட்டா," என்றார்.

"அப்ப நீங்களே அம்மாகிட்ட சொல்லியிருக்கலாமே."

"கல்யாணம் ஆனப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

"கல்யாணத்துக்கு எங்கப்பா வருவாரே. அவர் கையைப் பாத்தாலே தெரிஞ்சிடுமே."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா வரக்கூடும் என்றே அவர் நினைத்துப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. நல்ல மனுஷர்தான். அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமையும் அவர் வரவில்லை.

அன்று சாயங்காலம் தோழி அழுது வீங்கிய கண்ணோடு வந்தாள்.

"உங்கப்பாவை நான் கம்மியா நெனச்சேன்னு நெனக்கிறியா?"

"இல்ல."

"உன்னை எங்க வீட்டுக்குக் கொண்டு வரணும்னு இருந்தேன். அண்ணனுக்காக மட்டும் இல்ல. படிப்பு முடிஞ்சா நீ ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் போய்டுவோமேன்னு." அவ்வளவு சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரி நோயாளிகளுக்காக மறுபடி நாடகம் போட்டோம். எப்போதும்போலத் தாடியை அவள்தான் ஒட்டிவிட்டாள். மேடையில் என்னைக் கைப்பிடித்து நடத்தினாள். ஒரு இடத்தில் வசனம் மறந்து நின்றேன். வழக்கம்போல என் காதருகே குனிந்தாள், சொல்லிக் கொடுத்தாள். திரை விழுந்ததும் கையை விட்டுவிட்டாள். மறு பருவத்தில் வேறு அறை கேட்டுப் போய்விட்டாள். நாடகக் குழுவுக்கும் அதன்பின் வரவில்லை. எனக்கு வேறொரு ராணியைக் கொடுத்தார்கள். நன்றாகத்தான் நடித்தாள்.

ஆறேழு வருஷம் கழித்துக் காட்பாடி சந்திப்பில் அவளைப் பார்த்தேன். நான் ஆம்பூரில் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் திருச்சிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் இருந்தாள். இடுப்பில் குழந்தை. நோயாளிகளைப் பற்றி, மருந்துத் தட்டுப்பாட்டைப் பற்றிப் பேசினோம். அண்ணன் சோளிங்கரில் தலைமை வாத்தியார் என்றாள். அவருக்கும் பிள்ளைகள்.

"போன வருஷம் ஒரு கல்யாணத்துக்கு ஆம்பூர் வந்தேன்," என்றாள். "உன் வீடு எங்கன்னு விசாரிச்சேன். தெருமுனை வரைக்கும் வந்தேன்."

"உள்ள வந்திருக்கலாமே."

"வரலாமான்னு தெரியல."

குழந்தையை வாங்கிச் சற்று நேரம் வைத்துக்கொண்டிருந்தேன். அவள் ஏற வேண்டிய வண்டி வந்துவிட்டது. கூட்டத்தில் நெருக்கியடித்து ஏறினாள். ஜன்னல் வழியாகக் குழந்தையைக் கொடுத்தேன். அன்று உண்மையைச் சொன்னதுபற்றி அப்பாவிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று எத்தனையோ தரம் நினைத்ததுண்டு, சொன்னதில்லை. அன்று வாயைத் திறந்ததற்காக நான் இன்றுவரை வருந்தவில்லை. அந்த ஒரு வார்த்தைக்கு அவளையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்ததே, அதுதான் ஆறவில்லை. அவள் திருச்சி விலாசத்தையாவது கேட்டிருக்கலாம். வண்டி பாலாற்றுப் பக்கம் திரும்பிய பிறகுதான் எனக்கு அது தோன்றியது.