பொட்டை அழிக்கும் வேடத்தில் அம்மா

எங்கள் அம்மா முருகப்பெருமான் திருவடியில் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. அவர்களைப் பற்றி மகளாகிய நான் அறிந்ததை எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது சீர்காழிப் பக்கம். சிறு வயதில் நாடகக் கம்பெனியில் சேர்ந்து, அங்கிருந்து மெட்ராஸ் சினிமாவுக்கு வந்தார்கள். கறுப்பு வெள்ளைப் படக் காலம். கதாநாயகி வேடம் அமையவில்லை. விதவைத் தாய், விதவை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கிளிசரின் இல்லாமலே அழுவார்கள் என்று ஸ்டூடியோவில் பெயர்.

அங்கே லைட்மேனாக இருந்த அப்பாவைக் கல்யாணம் செய்துகொண்ட பிறகும் அதே வேடங்கள். தாலியைக் கழற்றாமல் ரவிக்கைக்குள் மறைத்துக்கொண்டு நடிப்பார்கள். பொட்டை அழிக்கும் காட்சி முடிந்ததும், அப்பா எல்லோர் முன்னாலும் வந்து குங்குமம் வைத்துவிடுவார்கள்.

நான் சிறுமியாக இருந்தபோது அப்பா காய்ச்சலில் தவறிவிட்டார்கள். "பொட்டை அழிச்சு அழிச்சே புருஷன அனுப்பிட்டா" என்று சொந்தத்தில் பேசினார்கள். என்னை வளர்க்க அம்மா அதே வேடத்துக்குத்தான் திரும்பப் போனார்கள். இப்போது நிஜமாகவே அழலாமே என்று ஒரு டைரக்டர் சொன்னாராம். "அது வீட்ல இருக்குங்க. இங்க நடிக்க வந்திருக்கேன்" என்றார்களாம். ஆனாலும் சொந்தக்காரர் பேச்சு உள்ளே தைத்துவிட்டது. எந்த விசேஷத்திலும் முன்னால் வந்து நிற்கமாட்டார்கள்.

கடைசிக் காலத்தில் ஷார்ஜாவில் ரோலா பகுதியில் எங்களோடு இருந்தார்கள். எதிர் ஃபிளாட் மதுரைப் பெண் தேவிக்கு வளைகாப்பு வந்தது. அவளுடைய தாயாருக்கு விசா கிடைக்கவில்லை. முதல் வளையலை அம்மாதான் போட வேண்டும் என்று வந்து நின்றாள்.

"நான் போடக்கூடாது கண்ணு. என் ராசி ஊருக்கே தெரியும்."

"அதெல்லாம் சினிமாம்மா. நீங்க வரலைன்னா நான் மணையில உக்காரமாட்டேன்."

அம்மா போனார்கள். முதல் வளையலைப் போட்டார்கள். அன்றிலிருந்து குழந்தை பிறக்கும்வரை அவர்களுக்குச் சோறு இறங்கவில்லை. கந்தசஷ்டிக் கவசமே கதியென்று இருந்தார்கள். சுகப்பிரசவம் என்று போன் வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் ஆகலடி. பாத்தியா, ஒண்ணும் ஆகல" என்றார்கள்.

அதன்பிறகு நிம்மதியாகத்தான் இருந்தார்கள், நிம்மதியாகத்தான் போனார்கள்.

அம்மாவின் உடலை ஊருக்கு அனுப்ப லீவு போட்டு அலைந்த சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப் தம்பிகளுக்கும், தேவி குடும்பத்துக்கும் எங்கள் நன்றி. அன்று அப்படிப் பேசிய சொந்தங்களுக்கும் இந்த நினைவு மலரை அனுப்பியிருக்கிறேன். அம்மாவுக்கு உங்கள் மேல் கோபமில்லை. திதியன்று அவசியம் வந்து, சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.