ஐஸ் பீட்சாவும் என் நல்ல வார்த்தையும்

எங்கள் வீட்டில் ஃப்ரீசர் என்பது ஐஸ் கட்டி வைக்கும் இடம். கோடையில் எலுமிச்சம்பழச் சாறு கலக்கவும், எப்போதாவது நான் படியிறங்கும்போது காலைச் சுளுக்கிக்கொண்டால் ஒத்தடம் கொடுக்கவும் அது உதவும். அதற்கு மேல் எதையும் அதற்குள் வைக்க என் மனைவி விட்டதில்லை. மீனை வைப்பது பற்றிப் பேச்சே கிடையாது.

தேங்காய்ப்பட்டணத்திலிருந்து ஸ்கூட்டரில் மீன் கொண்டு வருபவரிடம் அவள் கேட்கும் முதல் கேள்வி, "ஐஸ்ஸா?" என்பதுதான். மாப்பிள்ளை குடிப்பாரா என்று பெண் வீட்டார் விசாரிக்கிற குரல். அவர், "இப்பம் கரையேறின மீனாக்கும் அக்கா, கண்ணைப் பாருங்க" என்பார். அவள் மீனின் கண்ணைப் பார்ப்பாள். பிறகு அவருடைய கண்ணைப் பார்ப்பாள். செவுளைத் தூக்கி, வயிற்றை விரலால் அமுக்கி, அதற்கப்புறம்தான் விலை. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இதே சட்டம்.

இப்படிப்பட்ட ஜனங்களை நம்பித்தான் என் தங்கையின் கணவர் மூன்று பெரிய ஃப்ரீசர்களோடு ஒரு கடை திறந்தார்.

அவர் கல்ஃபில் ஒரு பெரிய கடையின் குளிர்க் கிடங்கில் வேலை பார்த்தவர். வெளியே முட்டை வேகிற வெயில் அடிக்க, உள்ளே கம்பளிக் கோட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு பெட்டி அடுக்குவது உத்தியோகம். எங்கள் சொந்தத்தில் பாலைவனத்துக்குப் போய்ச் சளி பிடித்துத் திரும்பியவர் அவர் ஒருவர்தான். ஊரோடு வந்துவிடுவது என்று முடிவெடுத்து வந்தபோது, தெரிந்த தொழிலைத்தானே செய்ய முடியும்? களியக்காவிளையில், நெடுஞ்சாலையைப் பார்த்தபடி கடை பிடித்தார். கேரள எல்லையோரம் என்பதால் இரண்டு மாநிலத்து ஆட்களும் வருவார்கள் என்று எதிர்பார்த்தார். வரத்தான் செய்தார்கள். ஃப்ரீசரின் கண்ணாடி மூடியைத் தள்ளிவிட்டு, முகத்தில் நன்றாகக் குளிரை வாங்கிக்கொண்டு, "எல்லாம் ஐஸாக்கும், இல்லியா?" என்று துக்கம் விசாரிப்பது போலக் கேட்டுவிட்டுப் போனார்கள். குழந்தைகளுக்கு ஐஸ்கிரீம் விற்றது. கோழி விற்கவில்லை. அவர் பெரிதும் நம்பி வரவழைத்த பீட்சா, வந்த நிலையிலேயே அடுக்கில் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் பழைய கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. அதே கிடங்கு, அதே கோட்டு. மாசக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

தங்கை எனக்கு ஃபோன் செய்தாள்.

"அண்ணே, எனக்கு நீ ஒரு உபகாரம் செய்யணும்."

"சொல்லு மக்கா."

"அவருக்க கடையில பீட்சா வாங்கித் தின்னுட்டு, நல்லா இருக்குன்னு அவருகிட்ட சொல்லணும்."

"நான் ஒருத்தன் சொன்னா போதுமா? ஊரே வாங்க மாட்டேங்குதே."

"நீ சொன்னா அவரு நம்புவாரு. நீ இதுவரை எதையாவது நல்லா இருக்குன்னு சொன்னதுண்டா? எனக்க கல்யாணத்திலயே பாயசத்துக்குச் சுக்கு கூடிப்போச்சுன்னு பந்தியில இருந்து சொன்ன ஆளுல்லா நீ."

சுக்கு கூடித்தான் போயிருந்தது. ஆனால் இப்போது அதை வாதிடும் நேரமில்லை. அதற்குள் அவள் குரல் இறங்கியது.

"இன்னொருக்கா அவரு போனா என்னால முடியாது அண்ணே. ஃபோனுக்க கட்டத்துக்குள்ளயே பாத்துப் பாத்து, ஆளு இத்தனை உயரம்ங்கதே எனக்கு மறந்து போச்சு. இப்பதான் நேர்ல பழகுகேன்."

முப்பது வருடமாகப் பத்திரிகைகளில் எதையெதையோ கிண்டல் செய்து எழுதி வருகிறேன். என் ஒரு நல்ல வார்த்தைக்காக யாரும் காத்திருந்ததில்லை. அடுத்த நாளே களியக்காவிளைக்குப் பஸ் ஏறினேன்.

மாப்பிள்ளை இரண்டு பீட்சாக்களைப் பழைய பேப்பரில் சுற்றி, புனிதரின் திருப்பண்டம் போல இரண்டு கையாலும் கொடுத்தார்.

"மச்சான், உள்ளதை உள்ளபடி சொல்லணும், கேட்டியளா?"

"வேற என்னத்தைச் சொல்லப்போறேன்?" என்றேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்ததில், வீடு வருவதற்குள் இரண்டு தொடையும் மரத்துவிட்டன.

மனைவி சுற்றியிருந்த பேப்பரைத் தொட்டதுமே கேட்டாள். "ஐஸ்ஸா?"

"ஐஸ்தான். இது கரையேறும்போதே ஐஸ்தான்."

தங்கையின் நிலைமையைச் சொன்னதும் அவள் மறுப்பேதும் சொல்லவில்லை. ஆனால் அவளுக்கு ஐஸ் வைத்த பொருளுக்கு ஒரே ஒரு முறைதான் தெரியும். மழைக்காலத்தில், கடலில் வள்ளம் இறங்காத நாட்களில், வேறு வழியில்லாமல் ஐஸ் மீன் வாங்குகிற வீடுகளில் செய்கிற முறை. அகலச் சட்டியில் தண்ணீர் எடுத்து ஒரு பீட்சாவைக் கவரோடு அதில் முக்கி வைத்துவிட்டு, தேங்காய் துருவப் போய்விட்டாள். படித்தவன் என்று பெயரெடுத்த நான் அட்டைப்பெட்டியைப் படித்தது அதற்குப் பிறகு. உருக விடக் கூடாது, ஃப்ரீசரிலிருந்து நேராகச் சூடான ஓவனில் வைக்கவும் என்று ஐந்து மொழிகளில் எழுதியிருந்தது.

"ஓவன் நம்மகிட்ட ஏது?" என்றாள். கவரிலிருந்து எடுத்தபோது அது நனைந்த துண்டு மாதிரி அவள் கையில் தொங்கியது. இரண்டாக வெட்டினாள். ஒரு பாதியைத் தோசைக்கல்லில் போட்டு மூடினாள். இன்னொரு பாதியை, மூடி நன்றாகப் பொருந்துகிற பாத்திரம் என்பதால், ஆப்பச்சட்டியில் வைத்தாள்.

தோசைக்கல் பாதி அடியில் கரிந்து, மேலே பச்சையாக இருந்தது. ஓரம் வட்டக்கோட்டைச் சுவரில் ஒரு கல்லைப் பெயர்த்தது போல. ஆப்பச்சட்டிப் பாதி ஆப்பத்தின் வடிவத்துக்கே வந்துவிட்டது. சீஸும் தக்காளியும் நான்கு துண்டு குடமிளகாயும் வழுக்கிக்கொண்டு நடுக்குழியில் போய்ச் சேர்ந்திருந்தன. மனைவி அதைப் பார்த்துவிட்டு, "தேங்காய்ச் சம்மந்தி இருக்கு, தொட்டுக்கிடுதியளா?" என்றாள். தொட்டுக்கொண்டோம். சம்மந்தி நன்றாக இருந்தது.

இரண்டாவது பீட்சா அன்று எங்கள் ஃப்ரீசரில் படுத்தது. எங்கள் வீட்டு வரலாற்றில் அங்கே தங்கிய முதல் உணவு.

மறுநாள் மனைவிதான் வழி சொன்னாள். "கிறிஸ்மஸுக்கு கேக்கு மாவு கொண்டு போறதில்லியா? அங்க கொண்டு போங்க."

அவள் சொன்னது எங்கள் முக்கில் இருக்கும் பேக்கரியை. அங்கே ரொட்டி சுடும் பெரிய விறகு அடுப்புக்குப் போர்மா என்று பெயர். டிசம்பரில் எங்கள் தெருவே கேக் மாவைத் தகரப் பாத்திரங்களில் ஏந்திக்கொண்டு அங்கே வரிசையில் நிற்கும். யாருடைய மாவில் எத்தனை முந்திரி என்பது அந்த வரிசையில் ஊருக்கே தெரிந்துபோகும். கிறிஸ்மஸுக்கு இன்னும் மாதக்கணக்கில் இருக்கும்போது அட்டைப்பெட்டியோடு தனியாக வந்து நின்ற என்னைப் பேக்கரிக்காரர் ஏற இறங்கப் பார்த்தார்.

"இப்பமே கேக்கா சாரே?"

"பீட்சா."

அவர் பெட்டியைத் திறந்து விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். கதவைத் தட்டியது போல் சத்தம் வந்தது. "இது கல்லுபோலல்லா இருக்கு" என்றவர், பன்கள் வெளியே வந்த பிறகு, நீளக் காம்பு வைத்த மரத் துடுப்பில் அதை ஏற்றிப் போர்மாவின் வாய்க்குள் தள்ளினார். "எதிர்க்கடையில ஒரு சாயா குடிச்சிட்டு வாங்க."

சாயா குடித்துவிட்டு வந்தபோது ரொட்டி வாங்க வந்த மூன்று பேர் என் பீட்சாவைச் சுற்றி நின்றார்கள். ஓரம் பொன்னிறமாக உப்பி, சீஸ் கொப்புளம் விட்டு, பெட்டியின் மேல் அச்சிட்ட படத்துக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லும்படி இருந்தது. அப்படி நிற்கிறவர்கள் முன்னால் பெட்டியை மூடிக்கொண்டு வர மனம் வராது. பேக்கரிக்காரர் ரொட்டிக் கத்தியாலேயே வெட்டினார். எனக்கு அதில் சொல்லக் குறை மூன்று இருந்தது. வாயில் இடம் இல்லை.

"சீஸு கொள்ளாம், குத்தம் இல்ல. மாவு பழசு" என்று பேக்கரிக்காரர் தீர்ப்புச் சொன்னார். மூன்று பேரில் ஒருவர், "இது எங்க கிட்டும்?" என்று கேட்டார். நான் மென்றுகொண்டிருந்தேன்.

அந்த வார இறுதியில் களியக்காவிளைக்குப் போனேன். பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டேன். எனக்குப் பழக்கமில்லாத வசனம்.

"மாப்ள, பீட்சா பிரமாதம்" என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டு மெதுவாக உட்கார்ந்தார்.

"அவ்வளவு மோசமா மச்சான்?"

"நான் நல்லதுன்னுதானே சொன்னேன்!"

"அதாக்கும் நானும் சொல்லுகேன். எனக்க கல்யாணப் பாயசத்தையே நல்லதுன்னு சொல்லாத ஆளு நீங்க. நீங்க பிரமாதம்னு சொன்னா, அது செத்த வீட்டுல சொல்லுத நல்ல வார்த்தை." ஃப்ரீசரின் மூடியைத் துணியால் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. "அவ சொல்லச் சொன்னாளா?"

நான் சீலிங் ஃபேனைப் பார்த்தேன்.

"செரி. இன்னைக்கே கம்பெனிக்கு விளிச்சு வாறேன்னு சொல்லீரலாம். வச்சு இழுத்துட்டு என்ன செய்ய?" என்று சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்தார்.

தங்கை என்னை நம்பிக் கொடுத்தது ஒரே ஒரு பொய். அதைச் சொல்லியே அவள் புருஷனைக் கல்ஃபுக்கு ஏற்றிவிடப் போகிறேன். ஃபோன் மேல் கையை வைத்துவிட்டு, எனக்குத் தெரிந்த ஒரே கலையில் இறங்கினேன். குறை சொல்ல ஆரம்பித்தேன்.

"மாப்ள, உள்ளதைச் சொல்லுகேன். வெள்ளத்துல போட்டோம், துண்டு மாதிரி ஆச்சு. தோசைக்கல்லுல வச்சோம், ஓரம் பல்லைப் பேக்குது. ஆப்பச்சட்டியில வச்சா எல்லாம் குழியில போயி விழுந்துது. சம்மந்தி தொட்டுத்தான் தின்னோம்."

அவர் கை ஃபோனை விட்டது. "பின்ன?"

"பின்ன போர்மாவுல கொண்டு வச்சோம். பேக்கரிக்காரர் மாவு பழசுங்காரு. எனக்கு உப்பு கூடுதல். குடமிளகாய் பேருக்குத்தான் கெடக்கு, தேடி எடுக்கணும்."

"ஓ." அவர் முகத்தில் களை திரும்பியது. "தின்னு தீந்துதா, மிச்சம் வச்சியளா?"

"மிச்சமா? ரொட்டி வாங்க வந்த மூணு பேரு நின்ன நிலையில தின்னாவ. ஒருத்தரு எங்க கிட்டும்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னிய?"

"வாயில பீட்சா. என்னத்தைச் சொல்ல?"

அவர் சிரிக்க ஆரம்பித்தார். ஸ்டூல் ஆடியது. சிரித்து முடித்துவிட்டுத்தான் அந்தச் செய்தியைச் சொன்னார். அவர் இந்தப் பீட்சாவைத் தின்றதே இல்லை.

"அங்க லோடு லோடா எறக்கி அடுக்குவேன் மச்சான். யாரு அதைத் திம்பா? ரூமுக்கு வந்தா மரச்சீனியாக்கும். அதுவும் ஐஸுதான். நம்ம ஊரு கெழங்கு, தொலி சீவி, கண்டம் கண்டமா வெட்டி, கவர்ல போட்டு வரும். தேங்காய்த் துருவல் ஐஸு. சாளை மீனும் ஐஸு. வெள்ளிக்கிழமை எல்லாத்தையும் எடுத்து வச்சா ரூமே ஊரு மாதிரி மணக்கும். ஐஸுன்னா ருசி கெட்டதுன்னு இங்க வந்து கடை தொறந்த பொறவுதான் எனக்குத் தெரியும்."

அதனால்தான், எங்கள் பக்கத்தில் பிறந்தவராக இருந்தும், இப்படி ஒரு கடையைத் திறக்க அவருக்குத் தோன்றியிருக்கிறது. இவ்வளவு நாள் நாங்கள் யாரும் அதைக் கேட்கவில்லை.

அன்று மாலையே கடையை அடைத்துவிட்டு, என்னைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு எங்கள் முக்குப் பேக்கரிக்கு வந்தார். அவரும் பேக்கரிக்காரரும் போர்மாவுக்கு முன்னால் குந்தியிருந்து சூட்டைப் பற்றிப் பேசினார்கள். ஒருவர் வாழ்க்கையைக் குளிரில் கழித்தவர், மற்றவர் நெருப்பில். என்னைச் சாயா வாங்க அனுப்பிவிட்டார்கள். நான் திரும்பி வந்தபோது எல்லாம் பேசி முடிந்திருந்தது. ரொட்டி வேலை முடிந்த பிறகும் சனி ஞாயிறுகளில் போர்மா சூடாகத்தான் கிடக்கிறது. மாப்பிள்ளையின் ஃப்ரீசர்களில் ஒன்று பேக்கரிக்கு இடம் மாறும். வாங்குகிறவர் கண்முன்னாலேயே சுட்டுக் கொடுப்பார்கள். எங்கள் ஜனங்களுக்குப் பொருள் நெருப்பிலிருந்து வருவது கண்ணில் பட்டால் போதும். அதற்கு முன்னால் அது எங்கே படுத்திருந்தது என்று கேட்கமாட்டார்கள்.

கம்பெனிக்கு அவர் சொன்ன பதில், "இப்பம் இல்ல." அதற்கு மேல் அழுத்திக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

தங்கை ஃபோன் செய்தாள். "பொய்யாட்டு ஒரு வார்த்தை சொல்லுன்னா, அதைக்கூட ஒனக்கு ஒழுங்கா சொல்லத் தெரியல்லியே" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

ஆகவே ஐஸ் பீட்சா வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: பக்கத்தில் போர்மா இருந்தால் வாங்கலாம். இல்லாவிட்டால் அந்தக் காசுக்குச் சாளை வாங்குங்கள். கடைக்காரர் எனக்கு மைத்துனர் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். என் மனைவி இப்போது மாதம் ஒருமுறை வாங்குகிறாள். முதல் தடவை பேக்கரியில் ஃப்ரீசரின் மூடியைத் திறந்து, பெட்டியை விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது எப்ப வந்த சரக்கு?" என்று கேட்டாள். அந்த அப்பாவி மாப்பிள்ளை, "ரெண்டு மாசம் ஆச்சு அக்கா" என்றார். "ரெண்டு மாசமா! பின்ன விலையைக் குறைச்சுப் போடுங்க" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் விறகைப் பார்த்தேன். குறைத்துத்தான் கொடுத்தார்.

போன ஞாயிறு பூசை முடிந்து தங்கை வீட்டுக்குப் போயிருந்தோம். மதியத்துக்கு மரச்சீனியும் மீன்குழம்பும். வீட்டுக்குப் பின்னால் மரச்சீனி ஆள் உயரத்துக்கு நிற்கிறது. மனைவி ஒரு துண்டை எடுத்து விரலால் அமுக்கிப் பார்த்தாள். புருவம் ஏறியது.

"ஐஸ்ஸா?"

"ஓ மைனி, ஐஸுதான்" என்றாள் தங்கை, மீன்குழம்பை ஊற்றிக்கொண்டே. "புதுசா பிடுங்கி அவிச்சா அவருக்கு எறங்கல்ல. அதனால பிடுங்கி, தொலி சீவி, கவருல கெட்டி நானே ஃப்ரீசர்ல போட்டிருவேன். ஒரு வாரம் கெடந்தாத்தான் அவருக்கு ஊரு ருசி வருமாம்."

மாப்பிள்ளை தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. மனைவி துண்டைக் குழம்பில் தோய்த்து வாயில் போட்டு, ரொம்ப நேரம் மென்றாள். பிறகு தட்டை இன்னொரு முறை நீட்டினாள்.