ஏரிக்கு அனுசியா வைத்த அளவு

விருத்தாசலத்தின் ஓரத்தில், ஏரிக்கரையை ஒட்டிய அந்தத் தெருவில் முதலில் குடியேறியவர்கள் ஏரி மண்ணெடுத்துப் பானை செய்தவர்கள். பிறகு கரைக்குக் கீழே செராமிக் கொட்டகைகள் வந்தன. பானைக்கார வீட்டுப் பிள்ளைகள் அங்கே பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்யப் போனார்கள். அனுசியாவும் போனாள். இருபத்தாறு வருடம் அதே வேலை.

ஏரியின் கடைமடையில் அவளுக்கு அரை காணி நிலம் இருந்தது. தண்ணீர் ஏழடி தொட்டால்தான் கடைமடைக்குத் திறப்பது வழக்கம். மதகுச் சுவரில் பெயிண்டால் எழுதிய அளவோ இரண்டு மழைக்கு மேல் நிற்காது. ஏழு எங்கே என்பதில்தான் வருடாவருடம் சண்டை. "இன்னும் ஆறரைதான்" என்று தலைமடைக்காரர்கள் சொல்லிக்கொண்டிருக்கையிலேயே ஒரு வருடம் அவள் பயிர் கருகியது.

அடுத்த வருடம் ஏரிச் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்றாள். "பீங்கான்ல எண்ணு போட்டு சுட்டுத் தரேன். அழியவே அழியாது."

சங்கத் தலைவர் கொளஞ்சிநாதன் சிரித்தார். "ஃபியூஸ் கட்டை சுடுற கை ஏரிய அளக்கப் போவுதாக்கும்! சரி, செய்யி. நானே டேப்பு வச்சுப் பாப்பேன். அரை விரக்கட தப்புனாலும் பழையபடி பெயிண்டுதான்."

அடிக்கு ஒன்றாகப் பத்துப் பலகைகள். பச்சை மண் சூளையில் எட்டில் ஒரு பங்கு சுருங்கும். அதனால் பன்னிரண்டு அங்குலத்தோடு ஒன்றரையைக் கூட்டி, பதின்மூன்றரையாக அறுத்துச் சுட்டாள். வெந்து வந்ததும் வரிசையாக அடுக்கி அளந்தால், பத்தடிக்குக் கிட்டத்தட்ட இரண்டு அங்குலம் குறைந்தது. இதே கணக்கில் சுட்ட விரல் நீள ஃபியூஸ் கட்டையில் அந்தக் குறை யார் கண்ணுக்கும் தெரிந்ததில்லை.

கூட வேலை செய்யும் வெண்மதி சொன்னாள்: "ஏக்கா, ஏரியையும் சூளையில வச்சு எடுத்திருந்தா சரியா இருந்திருக்கும்."

அனுசியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மழைக்கு முன் சூளையில் இன்னும் ஒரே ஒரு முறைதான் இடம் கிடைக்கும். ஓர் அடி நூலை அறுத்துத் தரையில் நீட்டி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பச்சையில் எட்டுப் பங்கு இருந்தது வெந்தால் ஏழு. அப்படியென்றால் வெந்து வர வேண்டிய அடியை ஏழாகப் பங்கிட்டல்லவா ஒரு பங்கைக் கூட்டியிருக்க வேண்டும்? அவள் எட்டாகப் பங்கிட்டிருந்தாள்.

"அடி வெண்மதி, இத்தன வருசமா தப்புக் கணக்குலயே கட்டை சுட்டிருக்கோம்டி!"

நூலை ஏழாக மடித்து, ஒரு மடிப்பைக் கூட்டி, அந்த நீளத்துக்குப் புதிதாகப் பத்துப் பலகை அறுத்தாள்.

மதகில் பதித்த அன்று கரை முழுக்கக் கூட்டம். கொளஞ்சிநாதன் டேப்பை அடியிலிருந்து இழுத்தார். பத்தாவது பலகையின் விளிம்பும் பத்தடிக் கோடும் ஒன்றாய் நின்றன. நம்பாமல் இன்னொரு முறை இழுத்தார்.

"என்னாண்ணே, டேப்பு சுருங்கிடுச்சா?" என்றாள் அனுசியா. கரையே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார்.

அந்தக் கார்த்திகையில் தண்ணீர் ஏழடி தொட்ட காலையில் மதகு திறந்தது. ஏழு எங்கே என்று ஒருவரும் சண்டைக்கு வரவில்லை. கடைமடையில் அவள் முழங்கால் தண்ணீரில் நின்று கையாட்டினாள்.

போன தை மாதம் அனுசியா போய்ச் சேர்ந்தாள். இந்த மழைக்கும் பலகைகள் வெள்ளை வெளேரென்று நிற்கின்றன. கரையில் பைக்கை நிறுத்தி, எதிரே வருகிறவரிடம் இப்போதும் இப்படித்தான் கேட்கிறார்கள்:

"அனுசியா எவ்ளோ சொல்லுது?"

"ஒம்போது."

அதற்கு மேல் பேச்சில்லை.